உங்களுக்குத் தெரியுமா? பாஸ்டன் செல்டிக்ஸ் ஆடிய டிராஃப்ட் சூதாட்டங்கள்

அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீகான என்.பி.ஏ.வில் புது ஆட்டக்காரர்களுக்கு ஏலம் கிடையாது. ஐ.பி.எல். போலக் கையைத் தூக்கித் தூக்கி விலையை ஏற்றி எவரையும் வாங்கிவிட முடியாது. அங்கே எல்லாம் வரிசைதான். போன சீசனில் நிறையத் தோற்ற அணிகள் முன்னால் நிற்கும். முறை வரும்போது ஆளுக்கொரு பெயர் சொல்ல வேண்டும். அந்தச் சடங்குக்கு டிராஃப்ட் என்று பெயர், ஒவ்வொரு முறைக்கும் பிக் என்று பெயர். கையில் இருக்கும் பிக்கை வேறு அணிக்குக் கொடுக்கலாம், மாற்றிக்கொள்ளலாம். நான்கைந்து வருடம் கழித்து வரப்போகும் பிக்கைக்கூட இன்றைக்கே கைமாற்றலாம். சொன்ன பெயர் தேறுமா தேறாதா என்று தெரிவதற்குள் சொன்னவருக்கு வேலை போயிருக்கும்.

18 பட்டங்களோடு லீகின் முதல் வரிசையில் நிற்கும் பாஸ்டன் செல்டிக்ஸ் இந்த ஆட்டத்தில் ஜெயித்ததும் உண்டு, தலையில் துண்டு போட்டுக்கொண்டதும் உண்டு. இந்த முறை அந்த ஓர் அணியின் கதைகள் மட்டும்.

★ 1950. பாஸ்டனுக்குப் புதுப் பயிற்சியாளராக வந்தார் ரெட் அவர்பாக். அந்த வருட டிராஃப்டில் முதல் பிக் அவர்களுடையது. ஊரே எதிர்பார்த்த பெயர் பாப் கூசி. பக்கத்து வுஸ்டரில் இருக்கும் ஹோலி கிராஸ் கல்லூரியில் பந்தை முதுகுக்குப் பின்னால் சுழற்றி வித்தை காட்டிக்கொண்டிருந்தவர். அவர்பாக்குக்கு வித்தை பிடிக்கவில்லை, உயரம் வேண்டியிருந்தது. சார்லி ஷேர் என்ற நெட்டையரின் பெயரைச் சொன்னார். உள்ளூர்ப் பத்திரிகைகள் வறுத்தெடுத்தன.

கூசியை ட்ரை-சிட்டீஸ் என்ற அணி எடுத்தது. சம்பளத்தில் ஒத்துவராமல் அவர் அங்கே போகவில்லை. உரிமை சிகாகோ ஸ்டாக்ஸ் அணிக்குப் போனது, அந்த அணி சீசன் தொடங்குவதற்கு முன்பே மூடப்பட்டது. மிச்சமிருந்த மூன்று ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சீட்டில் எழுதி ஒரு தொப்பிக்குள் போட்டு மூன்று அணிகள் எடுத்தன. மேக்ஸ் ஸஸ்லாஃப்ஸ்கிதான் வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசை. அவர் நியூயார்க்குக்குப் போனார். ஆண்டி பிலிப் பிலடெல்பியாவுக்கு. பாஸ்டன் கையில் வந்தது கூசியின் சீட்டு. வேண்டாம் என்று தள்ளிய ஆளே திரும்பி வந்து, தொடர்ந்து எட்டு சீசன் லீகிலேயே அதிக அசிஸ்ட் (சக ஆட்டக்காரர் கூடையில் போடப் பந்து தருவது) கொடுத்தார், ஆறு பட்டம் வாங்கித் தந்தார். பிற்பாடு டிராஃப்ட் மேதை என்று பெயரெடுத்த அவர்பாக்கின் கணக்கு இப்படித்தான் தொடங்கியது.

★ அந்த சார்லி ஷேர் என்ன ஆனார்? செல்டிக்ஸ் சட்டையைப் போடவே இல்லை. வேறொரு லீகுக்குப் போய்விட்டார். ஆனால் அவர் மீதான உரிமை பாஸ்டனிடம் இருந்தது. மறு வருடம் அதை ஃபோர்ட் வேன் அணியிடம் தள்ளிவிட்டு பில் ஷார்மனை வாங்கினார்கள். கூசியும் ஷார்மனும் பின்களத்தில் ஜோடி சேர்ந்தார்கள். இருவருமே கூடைப்பந்தின் புகழ் மண்டபமான ஹால் ஆஃப் ஃபேமில் இருக்கிறார்கள்.

★ அதே 1950 டிராஃப்டின் இரண்டாம் சுற்றில் செல்டிக்ஸ் உரிமையாளர் வால்டர் பிரவுன் சொன்ன பெயர் சக் கூப்பர். என்.பி.ஏ. டிராஃப்டில் தேர்வான முதல் கறுப்பின ஆட்டக்காரர். அதுவரை லீகில் ஒருவர்கூடக் கிடையாது. மற்ற உரிமையாளர்கள் என்ன சொல்வார்களோ என்று பிரவுன் பார்க்கவில்லை. அன்றைக்கே பின்சுற்று ஒன்றில் வாஷிங்டன் அணி ஏர்ல் லாய்டை எடுத்தது. கதவு ஒருமுறை திறந்தால் போதும்போல.

★ 1952-53 சீசன் முழுக்கக் கென்டகி பல்கலைக்கழக அணிக்கு விதிமீறலுக்காகத் தடை. ஆட்டமே இல்லை. அந்த அணியின் ஃபிராங்க் ராம்சி, கிளிஃப் ஹேகன், லூ சியோரோபுலோஸ் மூவரும் இன்னொரு வருடம் கல்லூரியிலேயே இருந்து ஆடப் போகிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். ஆனால் அவர்கள் சேர்ந்த ஆண்டின் கணக்குப்படி 1953 டிராஃப்டிலேயே தகுதி வந்துவிட்டது. உடனே வந்து ஆட முடியாதவனை எடுத்து என்ன பயன் என்று மற்ற அணிகள் விட்டுவிட்டன. அவர்பாக் மூன்று பேரையும் எடுத்துக்கொண்டார்.

இந்த ஒரு தந்திரத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அவர்பாக்கின் சூதாட்டம் பெரும்பாலும் திறமையின் மேல் இல்லை, காலத்தின் மேல்தான். நல்ல ஆட்டக்காரன் யார் என்பது மற்றவர்களுக்கும் தெரியும். அவனுக்காகக் காத்திருக்கத்தான் அவர்களால் முடியாது.

★ 1956. கல்லூரிக் கூடைப்பந்தில் பில் ரஸ்ஸல்தான் பேச்சு. சான் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்துக்கு அடுத்தடுத்து இரண்டு தேசியப் பட்டம் வாங்கித் தந்தவர். கூடைக்கு மேலே வரும் பந்தை எல்லாம் தட்டிவிடுவார். ஆனால் தன் கையால் பந்தைக் கூடையில் போடத் தெரியாது என்று குறை சொன்னவர்கள் உண்டு. போதாததற்கு, அந்த வருட இறுதியில் மெல்போர்ன் ஒலிம்பிக். அது முடிந்துதான் எந்த அணிக்கும் வர முடியும்.

முதல் பிக் ராச்செஸ்டர் அணிக்கு. ரீபவுண்ட் எடுப்பதில் புலியான மாரிஸ் ஸ்டோக்ஸ் ஏற்கெனவே அவர்களிடம் இருந்தார். அவர்கள் சைஹூகோ கிரீன் என்பவரை எடுத்தார்கள். ராச்செஸ்டர் உரிமையாளர் ரஸ்ஸலை விட்டுவிட வேண்டும் என்பதற்காக, பனிச்சறுக்கு நடன நிகழ்ச்சிகளை அவருடைய அரங்குக்கு அனுப்பிவைப்பதாக வால்டர் பிரவுன் பேரம் பேசினார் என்று ஒரு கதை அமெரிக்காவில் வெகுநாளாகச் சுற்றுகிறது. கேட்க ருசியாக இருக்கிறது. அது உண்மைதானா என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் அடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டாவது பிக் செயின்ட் லூயிஸ் ஹாக்ஸுக்கு. அவர்களிடமிருந்து ரஸ்ஸலை வாங்க அவர்பாக் கொடுத்த விலை பெரியது. ஒருவர் எட் மக்காலி, அணியின் நட்சத்திரம், செயின்ட் லூயிஸ்காரர், உடம்பு சரியில்லாத மகனுக்காக ஊர் திரும்ப விரும்பியவர். இன்னொருவர், 1953-இல் எடுத்து வைத்த அதே கிளிஃப் ஹேகன். மூன்று வருடம் முன்பு எடுத்த, பாஸ்டனுக்காக ஓர் ஆட்டம்கூட ஆடாத ஆளைக் கொடுத்துத்தான் ரஸ்ஸல் வந்தார்.

டிசம்பர் கடைசியில் வந்து சேர்ந்தவர், 13 சீசனில் 11 பட்டம் வாங்கினார்.

ஹாக்ஸை ஏமாளி என்று சிரிப்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். 1957 இறுதித் தொடரில் அவர்கள் பாஸ்டனை ஏழாவது ஆட்டத்தின் இரண்டாவது கூடுதல் நேரம் வரை இழுத்தார்கள். 1958-இல் ஹேகனையும் மக்காலியையும் வைத்துக்கொண்டே பாஸ்டனைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார்கள். அவர்கள் விற்றது மோசமான விலைக்கு இல்லை. விற்ற பொருள்தான் விலையே போட முடியாததாகிவிட்டது.

★ அதே 1956 டிராஃப்டில் பாஸ்டன் எடுத்த இன்னும் இருவர்: உள்ளூர்க் கல்லூரி ஆட்டக்காரரை வரிசைக்கு வெளியே எடுத்துக்கொள்ளலாம் என்ற அன்றைய விதிப்படி டாம் ஹைன்ஸன், இரண்டாம் சுற்றில், ராணுவத்தில் இரண்டு வருடம் கழிக்க வேண்டியிருந்த கே.சி. ஜோன்ஸ். ரஸ்ஸலையும் சேர்த்து மூவரும் ஹால் ஆஃப் ஃபேம். அந்த சீசனின் சிறந்த புதுமுகம் விருது யாருக்கு? ரஸ்ஸலுக்கு இல்லை, ஹைன்ஸனுக்கு.

★ 1957 முதல் சுற்றில் அவர்பாக் எடுத்த சாம் ஜோன்ஸின் ஆட்டத்தை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. வட கரோலினாவில் கறுப்பின மாணவர்களுக்கான சின்னக் கல்லூரி. பெரிய அணிகளின் ஆட்கள் எட்டிப் பார்க்காத இடம். பழைய செல்டிக்ஸ் ஆட்டக்காரர் போன்ஸ் மெக்கின்னி சொன்ன வார்த்தையை நம்பி எடுத்தார். சாம் ஜோன்ஸிடம் பட்டங்கள் 10. இந்த எண்ணில் அவரை மிஞ்சியவர் ரஸ்ஸல் ஒருவரே.

★ ஜான் ஹாவ்லிசெக்கை 1962-இல் செல்டிக்ஸ் மட்டும் எடுக்கவில்லை, அமெரிக்கக் கால்பந்து அணியான கிளீவ்லண்ட் பிரவுன்ஸும் எடுத்திருந்தது. அங்கே கழித்துவிட்டார்கள். பாஸ்டனில் 16 சீசன், 8 பட்டம்.

★ 1969-இல் ஜோ ஜோ வைட்டை எல்லோரும் தயங்கித் தாண்டிப் போனதற்குக் காரணம் ராணுவச் சேவை. வியட்நாம் போர்க் காலம். ஒன்பதாவது பிக்கில் பாஸ்டன் எடுத்தது. காத்திருப்பு நினைத்ததைவிடச் சின்னதாக முடிந்தது. 1976 இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான்.

★ அடுத்த வருடம் டேவ் கவென்ஸ். ஃபுளோரிடா ஸ்டேட் கல்லூரி தண்டனையில் இருந்ததால் அவரை அதிகம் பேர் பார்த்ததில்லை. சென்டர் இடத்துக்கு உயரம் போதாது என்று பேச்சு. அவருடைய ஆட்டத்தைப் பார்க்கப் போன அவர்பாக், தொடங்கிய சில நிமிடங்களிலேயே சலித்துக்கொண்டவர்போல எழுந்து வெளியேறிவிட்டாராம். மற்ற அணிகளின் ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள், அவர்களுக்காகப் போட்ட நாடகம் என்று பின்னாளில் அவரே சொல்லிச் சிரித்தார். அவருடைய சுருட்டுப் புகைக்குப் பின்னால் இருந்த முகத்தை நம்பினவர்கள் பாடு அவ்வளவுதான். கவென்ஸ் 1973-இல் லீகின் சிறந்த ஆட்டக்காரரானார்.

★ இனி 1978. செல்டிக்ஸ் சரிந்துகொண்டிருந்த காலம். 32 வெற்றி, 50 தோல்வி. கையில் ஆறாவது பிக்கும் எட்டாவது பிக்கும்.

இந்தியானா மாநிலத்தின் ஃபிரெஞ்ச் லிக் என்ற சின்ன ஊரிலிருந்து லாரி பேர்ட் என்று ஒருவர். 1974-இல் பெரிய பல்கலைக்கழகம் ஒன்றில் சேர்ந்து, கூட்டத்தைப் பார்த்து மிரண்டு, ஒரு மாதம்கூடத் தாங்காமல் வீடு திரும்பியவர். ஊராட்சி வேலைக்குப் போனார், குப்பை வண்டியில் போனார். அடுத்த வருடம் இந்தியானா ஸ்டேட்டில் சேர்ந்தார். முதலில் சேர்ந்த ஆண்டை வைத்துப் பார்த்தால் 1978-இல் டிராஃப்டுக்குத் தகுதி உண்டு. ஆனால் கல்லூரியில் ஒரு வருட ஆட்டம் பாக்கி. அதை ஆடிவிட்டுத்தான் வருவேன் என்று அவர் சொல்லிவிட்டார்.

எடுக்கும் அணிக்கு என்ன ஆபத்து என்றால், ஒரு சீசன் முழுக்க ஆள் வரமாட்டார். அது முடிந்து, 1979 டிராஃப்டுக்குள் அவரோடு ஒப்பந்தம் போட்டாக வேண்டும். போடாவிட்டால் பேர்ட் மறுபடி பொது வரிசைக்குப் போய்விடுவார், பிக் காற்றோடு போச்சு.

பேர்டின் சொந்த மாநில அணியான இந்தியானா பேசர்ஸிடம்தான் முதல் பிக் இருந்தது. பணமுடையில் இருந்த அணி, ஒரு வருடம் பொறுக்க வழியில்லை. அந்தப் பிக்கை போர்ட்லண்டுக்குக் கொடுத்துவிட்டு மூன்றாவது இடத்தில் ரிக் ரோபியை எடுத்தார்கள். ஐந்து பெயர் போனது. ஆறாவதாக அவர்பாக் பேர்ட் என்றார். எட்டாவது பிக்கில் உடனே ஆடக்கூடிய ஒருவரையும் எடுத்துக்கொண்டார். இரண்டு பிக் கையில் இருந்ததால்தான் ஒன்றைக் கிடப்பில் போட முடிந்தது என்பது என் கணிப்பு. துணிச்சலைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த எட்டாவது பிக்கைச் சொல்வதில்லை.

அந்த ஒரு வருடம் பாஸ்டனுக்கு நரகம். 29 வெற்றி, 53 தோல்வி. பேர்ட் அங்கே இந்தியானா ஸ்டேட்டைத் தொடர்ந்து 33 ஆட்டம் ஜெயிக்க வைத்து, கல்லூரி இறுதிப் போட்டியில் மேஜிக் ஜான்சனின் மிச்சிகன் ஸ்டேட்டிடம் தோற்றார். ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் விலை ஏறியது. அவர்பாக் பேரம் பேசினார், முறைத்தார். கடைசியில் 1979 ஜூனில், டிராஃப்டுக்கு மூன்று வாரம்கூட இல்லாதபோது, ஐந்து வருடத்துக்கு 32.5 லட்சம் டாலர் என்று கையெழுத்தானது. புதுமுகம் எவருக்கும் அதுவரை யாரும் கொடுக்காத தொகை.

அடுத்த சீசன் பாஸ்டன் 61 வெற்றி, 21 தோல்வி. ஒரே வருடத்தில் 32 வெற்றி கூடியது. இப்படி முன்கூட்டியே ஆளைப் பிடித்து வைக்கும் வழியை லீக் பிற்பாடு விதி மாற்றி அடைத்தது.

ஒரு துணுக்குக்குள் துணுக்கு: பேர்டுக்கு முன்னால் எடுக்கப்பட்ட அந்த ரிக் ரோபி, அடுத்த வருடமே பாஸ்டனுக்கு வந்து பேர்டுக்கு நெருங்கிய நண்பரானார். 1983-இல் அவரைக் கொடுத்துத்தான் டென்னிஸ் ஜான்சன் என்ற அற்புதமான தடுப்பாட்டக்காரரை பாஸ்டன் வாங்கியது.

★ பேர்டுக்காகக் காத்திருந்த அதே வருடம் உரிமையாளர் ஜான் ஒய். பிரவுன். கே.எஃப்.சி. சிக்கனை உலகம் முழுக்கப் பரப்பியவர். அவர்பாக்கைக் கேட்காமலே பாப் மக்காடூ என்ற நட்சத்திரத்துக்காக மூன்று முதல் சுற்று பிக்குகளை நியூயார்க்குக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். கோபத்தில் அவர்பாக் அணியை விட்டே போகப் பார்த்தார். போகாமல் நின்று, சில மாதத்தில் செய்த காரியத்தைப் பாருங்கள்.

மக்காடூ பாஸ்டனுக்கு ஆடியது 20 ஆட்டம். 1979 செப்டம்பரில் அவரை டெட்ராய்ட்டுக்குத் தள்ளி, பதிலுக்கு டெட்ராய்ட்டின் முதல் சுற்று பிக் இரண்டை வாங்கினார். டெட்ராய்ட் அந்த சீசன் 16 ஆட்டம்தான் ஜெயித்தது. ஆக, வாங்கிய பிக்குகளில் ஒன்று 1980-இன் முதல் பிக்காக வந்து நின்றது. எல்லோரும் ஜோ பாரி கேரல் என்ற ஏழடி சென்டரைச் சொன்னார்கள். அவர்பாக் அந்த முதல் பிக்கையும் 13-ஆவது பிக்கையும் கோல்டன் ஸ்டேட்டுக்குக் கொடுத்தார். வாங்கியது ராபர்ட் பாரிஷையும் மூன்றாவது பிக்கையும். மூன்றாவது பிக்கில் எடுத்தது கெவின் மெக்ஹேலை.

பேர்ட், பாரிஷ், மெக்ஹேல். 1981, 1984, 1986 பட்டங்கள். உரிமையாளரின் அசட்டுத் துணிச்சலைக்கூட வட்டியோடு வசூலித்த கதை இது. முதல் பிக்கை வைத்திருந்தும் அதைப் பயன்படுத்தாமல் விட்டதுதான் இதில் பெரிய சூதாட்டம். கேரல் சொத்தை இல்லை, நன்றாகவே ஆடினார். ஆனாலும் கணக்கு இப்படி முடிந்தது.

★ 1981-இல் இரண்டாம் சுற்று, 31-ஆவது பிக். டேனி எய்ஞ்ச். கல்லூரியில் அந்த வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர். அப்படியானால் 31 வரை ஏன் யாரும் தொடவில்லை? அவர் ஏற்கெனவே டொராண்டோ புளூ ஜேஸ் அணியின் பேஸ்பால் ஆட்டக்காரர், ஒப்பந்தமும் அமலில் இருந்தது. அவர்பாக் எடுத்தார். புளூ ஜேஸ் நீதிமன்றம் போனது, ஜூரி புளூ ஜேஸ் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்புறம் பணம் கொடுத்துத் தீர்த்துக்கொண்டு ஆளை அழைத்து வந்தார்கள். பேஸ்பாலில் அவருடைய பேட்டிங் அப்படியொன்றும் பிரமாதமில்லை என்பதால் டொராண்டோ ரசிகர்கள் ரொம்ப அழுதிருக்க மாட்டார்கள். எய்ஞ்சை மறந்துவிடாதீர்கள், திரும்ப வருவார்.

★ 1986 ஜூன். 67 வெற்றியோடு பட்டம் வாங்கிய சூடுகூட ஆறவில்லை. சியாட்டிலிடமிருந்து இரண்டு வருடம் முன்பு வாங்கி வைத்த பிக் இரண்டாம் இடத்தில் வந்தது. சாம்பியன் அணிக்கு இரண்டாவது பிக். மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் லென் பயஸை எடுத்தார்கள். வயது 22. ஜூன் 17 டிராஃப்ட். ஜூன் 19 காலை அவர் இறந்துபோனார். காரணம் கோகெய்ன். இந்தத் தேர்வில் எவருக்கும் ஆபத்து தெரிந்திருக்கவில்லை. அந்தச் சாவின் அதிர்ச்சியில் அமெரிக்க நாடாளுமன்றம் சில மாதத்துக்குள் கடுமையான போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கொண்டுவந்தது. பாஸ்டன் அடுத்த பட்டத்தைப் பார்க்க 22 வருடம் ஆனது.

★ தோற்கத் துணிவதும் சூதாட்டம்தான். 1996-97இல் செல்டிக்ஸ் 15 ஆட்டம் ஜெயித்து 67 ஆட்டம் தோற்றது. கண் முழுக்கக் கல்லூரி நட்சத்திரம் டிம் டங்கன் மேல். இதற்குள் முதல் பிக்குகளுக்கு லாட்டரி வந்திருந்தது. தன் பிக்கோடு டல்லஸின் பிக்கும் பாஸ்டனிடம் இருந்ததால் முதலிடம் கிடைக்கச் சுமார் 36 சதவீத வாய்ப்பு. வேறெந்த அணிக்கும் அவ்வளவு இல்லை. குலுக்கியதும் வந்தது மூன்றாவதும் ஆறாவதும். டங்கன் சான் அன்டோனியோவுக்குப் போய் ஐந்து பட்டம் வாங்கினார். வெண்ணெய் திரளும்போது தாழி உடைந்த கதை.

பாஸ்டன் மூன்றாவதாக எடுத்த சான்சி பில்லப்ஸை, புதிதாக வந்த பயிற்சியாளர் ரிக் பிட்டினோ 51 ஆட்டத்தில் அனுப்பிவிட்டார். 2004-இல் டெட்ராய்ட் பட்டம் வென்றபோது இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் யார் என்று நினைக்கிறீர்கள்? பில்லப்ஸ்தான். லாட்டரி ஏமாற்றியது விதி. பில்லப்ஸை விட்டது அவசரம். முதலாவதை மன்னிக்கலாம்.

★ 2001-இல் பாஸ்டனுக்கு முதல் சுற்றில் மூன்று பிக். 21-ஆவது பிக்கில் ஜோசஃப் ஃபோர்ட்டை எடுத்தார்கள். ஏழு இடம் தள்ளி, பாரிஸிலிருந்து வந்த டோனி பார்க்கரை சான் அன்டோனியோ எடுத்தது. மேலே சொல்ல ஒன்றுமில்லை.

★ 2003-இல் அணியின் பொறுப்புக்கு வந்தவர் டேனி எய்ஞ்ச். அவர்பாக் எடுத்த பேஸ்பால்காரர். 2006 அக்டோபரில் அவர்பாக் காலமானார். அடுத்து வந்த சீசன் 24 வெற்றி, 58 தோல்வி. லீகிலேயே கடைசிக்கு முந்தைய இடம். கிரெக் ஓடன் அல்லது கெவின் டுரான்ட், இருவரில் ஒருவர் நிச்சயம் என்று பாஸ்டன் காத்திருந்தது. லாட்டரியில் ஐந்தாவது பிக் விழுந்தது. அந்த இடத்திலிருந்த அணி விழக்கூடிய அதிகபட்சப் பள்ளம் அது.

எய்ஞ்ச் ஐந்தாவது பிக்கை வைத்துக்கொண்டு அழவில்லை. டிராஃப்ட் இரவிலேயே சியாட்டிலிடம் கொடுத்து ரே ஆலனை வாங்கினார். ஒரு மாதம் கழித்து ஐந்து ஆட்டக்காரர்களும் இரண்டு முதல் சுற்று பிக்கும் மினசோட்டாவுக்குப் போக, கெவின் கார்னெட் வந்தார். 66 வெற்றி, 2008 பட்டம். முதல் பிக்காகப் போர்ட்லண்ட் எடுத்த ஓடன், முழங்கால் வலியோடு மொத்த வாழ்நாளில் ஆடியது 105 ஆட்டம். லாட்டரியில் தோற்றதுதான் பாஸ்டனுக்கு நடந்த நல்லது என்று இன்று சொல்லலாம். அன்று சொல்லியிருந்தால் அடி விழுந்திருக்கும்.

★ 2013. அதே கார்னெட்டுக்கு வயது 37, பால் பியர்ஸுக்கு 35. பாஸ்டன் தெய்வமாகக் கும்பிட்ட இருவர். புரூக்ளின் நெட்ஸின் ரஷ்யக் கோடீஸ்வர உரிமையாளருக்கு உடனே பட்டம் வேண்டும். எய்ஞ்ச் இருவரையும் அனுப்பினார். பதிலுக்கு வாங்கியவற்றில் முக்கியமானவை: புரூக்ளினின் 2014, 2016, 2018 முதல் சுற்று பிக்குகள், எந்த நிபந்தனையும் இல்லாமல். 2017-இல் வேண்டுமானால் பிக்கை இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை.

இங்கே சூதாடியது யார் என்பது பார்க்கும் கோணத்தைப் பொறுத்தது. ரசிகர்களின் கண்ணீரைத் தாங்கிக்கொண்டு பியர்ஸை அனுப்பிய எய்ஞ்சா, நான்கு வருட எதிர்காலத்தைப் பந்தயம் வைத்த புரூக்ளினா? புரூக்ளின் முதல் வருடம் பிளே-ஆஃப் ஆட்டங்களின் இரண்டாம் சுற்று வரை போனது. பிறகு பாதாளம். 2016-17இல் 20 வெற்றி, லீகிலேயே கடைசி. அதற்குக் கிடைத்த பலன் பாஸ்டனுக்கு. அந்த வருடம் கிழக்குப் பிரிவில் முதலிடம் பிடித்த அணியே லாட்டரியிலும் முதல் பிக்கை வென்றது. தோற்க வேண்டிய கஷ்டத்தை வேறொருவர் தலையில் கட்டிவிட்டுப் பலனை மட்டும் எடுத்துக்கொண்டார் எய்ஞ்ச். அவர்பாக் இருந்திருந்தால் சுருட்டைப் பற்றவைத்திருப்பார்.

★ புரூக்ளினின் 2016 பிக் மூன்றாவதாக வந்தது. ஜேலன் பிரவுன் என்று பாஸ்டன் சொன்னதும் சொந்த அரங்கில் கூடியிருந்த ரசிகர்கள் 'பூ' என்று கத்தினார்கள். 2024-இல் 18-ஆவது பட்டம் வந்தபோது இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் பிரவுன்.

★ 2017-இன் முதல் பிக்கை வைத்துக்கொண்டு மார்கெல் ஃபுல்ட்ஸை எடுப்பதுதான் பத்திரமான காரியம். ஏறக்குறைய எல்லா நிபுணர்களும் அவரைத்தான் முதலிடத்தில் வைத்திருந்தார்கள். எய்ஞ்ச் அந்தப் பிக்கைப் பிலடெல்பியாவுக்குக் கொடுத்து மூன்றாவது பிக்கையும் எதிர்காலப் பிக் ஒன்றையும் வாங்கினார். முதல் பிக்கில் நாங்கள் எடுக்க நினைத்தவர் மூன்றாவதிலும் கிடைப்பார் என்றார். யாரும் நம்பவில்லை. அவர் நினைத்த ஆள் ஜேசன் டேட்டம்.

ஃபுல்ட்ஸுக்குத் தோள்பட்டையில் நரம்புக் கோளாறு. பந்து எறியும் பாணியே மாறிப்போனது. பிலடெல்பியாவுக்காக அவர் ஆடியது 33 ஆட்டம். டேட்டம் பாஸ்டனின் முகமானார். இதில் எய்ஞ்சின் கண்ணைப் பாராட்டலாம். ஃபுல்ட்ஸின் தோள் இப்படி ஆகும் என்று அவருக்கும் தெரிந்திருக்க வாய்ப்பில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லத்தான் வேண்டும்.

★ 2018-இல் 27-ஆவதாக எடுத்த ராபர்ட் வில்லியம்ஸ், நிருபர்களோடு பேச ஏற்பாடான முதல் தொலைபேசிச் சந்திப்பன்று தூங்கிவிட்டார். ரசிகர்கள் அவருக்கு வைத்த பட்டப்பெயர் 'டைம் லார்ட்'. காலத்தின் தலைவன்! துள்ளிப் பந்தைத் தட்டுவதில் சூரர், முழங்கால்தான் ஒத்துழைக்கவில்லை. 2023-இல் ஜூரு ஹாலிடேயை வாங்கப் போர்ட்லண்டுக்குக் கொடுத்ததில் அவரும் ஒருவர்.

★ டேட்டம் பேரத்தில் உபரியாக வந்த எதிர்காலப் பிக் என்னவாயிற்று? 2019-இல் 14-ஆவது பிக்காக முளைத்தது. ரோமியோ லாங்ஃபோர்ட் என்பவரை எடுத்தார்கள். பெரிதாகத் தேறவில்லை. 2021-இல் எய்ஞ்ச் விலக, பயிற்சியாளராக இருந்த பிராட் ஸ்டீவன்ஸ் அந்த நாற்காலிக்கு வந்தார். 2022 பிப்ரவரியில் லாங்ஃபோர்டையும் இன்னொருவரையும் அந்த வருட முதல் சுற்று பிக்கையும் சான் அன்டோனியோவுக்குக் கொடுத்து டெரிக் வைட்டை வாங்கினார். 2024 பட்டத்தில் வைட்டின் பங்கு பெரியது.

அந்தப் பேரத்தில் பாஸ்டன் கொடுத்தது இன்னொன்றும் உண்டு: 2028-இல் முதல் சுற்று பிக்கை இடம் மாற்றிக்கொள்ளும் உரிமை. பாஸ்டனின் பிக் முதலாவதாக வந்தால் மட்டும் அது செல்லாது. பேரம் நடந்தபோது சான் அன்டோனியோ தேய்ந்துகொண்டிருந்த அணி. பதினாறு மாதம் கழித்து 2023 டிராஃப்டில் அவர்கள் முதல் பிக்கில் விக்டர் வெம்பன்யாமாவை எடுத்தார்கள். அவர் ஆடும் அணிக்கு 2028-இல் பாஸ்டனின் பிக்கும் தேவைப்படுமா என்பது இரண்டு அணிகளில் எது அதிகம் தோற்கிறது என்பதைப் பொறுத்தது.